சாவியை ஏன் வாய்க்கால்ல எறிஞ்சேன்

போன வாரம் டிப்போவிலேருந்து ஒரு டிரைவர் தம்பி போன் பண்ணினாரு. புதுசா வேலைக்குச் சேந்திருக்கிற டிரைவருங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கிறாங்களாம். சேத்துல புதைஞ்ச வண்டியை இன்னொரு வண்டியால எப்படிப் பத்திரமா வெளியில எடுக்குறதுன்னு நான் வந்து பேசணுமாம். "முப்பது வருசம் அந்த வேலையே பாத்தவங்க, உங்களை விட்டா யாருண்ணே இருக்கா"ன்னாரு. சரி வர்றேன்னேன். போனை வைக்கிற நேரம் பாத்து கொஞ்சம் தயங்கினாரு. "அண்ணே, அந்தச் சாவி விஷயத்தை மட்டும் விட்டுடுங்கண்ணே. மேல உள்ளவங்க சொல்லச் சொன்னாங்க" அப்படின்னாரு.

சாவி விஷயத்தை விட்டுட்டா எனக்குச் சொல்றதுக்கு என்னய்யா இருக்கு? கொக்கியை எங்க மாட்டணும், கயிறு எத்தனை அடி வேணும்ங்கிறதையெல்லாம் இப்போ போன்லயே வீடியோ எடுத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுறாங்க. அதுக்கு நான் எதுக்கு? யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன். நாலு நாளாச்சு, கோவம் அடங்கல. அதனாலதான் உக்காந்து எழுதுறேன்.

என் பேரு பக்கிரிசாமி. திருக்காட்டுப்பள்ளி பக்கம் பொறந்தவன். டிப்போன்னு நான் சொல்றது விவசாயிங்களுக்கு டிராக்டரை வாடகைக்கு அனுப்புற இடம். உழுறதுக்கு அனுப்புவாங்க, சேறு அடிக்க அனுப்புவாங்க, யார் வண்டியாவது வயல்ல மாட்டிக்கிட்டா இழுத்து விடவும் அனுப்புவாங்க. இந்தக் கடைசி வேலை எனக்குன்னே ஆயிடுச்சு. பக்கிரி போனா வண்டி வந்துடும், ஆனா சாயங்காலம் ஆயிடும்னு பேசிக்குவாங்க. ரெண்டுமே நெசந்தான்.

எங்க அப்பா ஒரு மிராசு வீட்டுல பண்ணையாளு. ஏறுடான்னா ஏறணும், எறங்குடான்னா எறங்கணும். நானும் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதே வீட்டுல மூட்டை தூக்கினேன். அப்பறம் டிப்போவுல சுமைக்காரனாச் சேந்து, டிராக்டரு கழுவி, லைசன்ஸ் எடுத்து, சீட்டுல உக்கார அஞ்சு வருசம் ஆச்சு. அந்த அஞ்சு வருசத்தைப் பத்திப் பேச ஒன்னும் இல்ல. எல்லாரும் படுற பாடுதான். ஒன்னு மட்டும் சொல்லணும். மூட்டை தூக்கின காலத்துல நானும் பம்பர்ல ஏறி நின்னிருக்கேன்.

பம்பர்ல ஏறுறதுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். டிராக்டரு பின்னால ஒரு கனத்தை இழுக்கும்போது, அந்தக் கனம் அசையலன்னா முன் சக்கரம் மேல தூக்கும். ரொம்பத் தூக்குனா வண்டி அப்படியே பின்பக்கமா கவுந்து டிரைவர் மேலயே விழும். அதைத் தடுக்க எங்க பக்கத்துல ஒரு பழக்கம் உண்டு. நாலு ஆளை முன்னால பம்பர்ல ஏத்தி நிறுத்திடுவாங்க. பானெட்டைப் புடிச்சுக்கிட்டு வரிசையா நிப்போம். வரப்புல நிக்கிறவங்க விசில் அடிப்பாங்க. கனமான ஆளுக்கு ஊர்ல மரியாதை. கலியாணம் ஆகாதவனா இருந்தா இன்னும் நல்லா நிமிந்து நிப்பான். ஏறச் சொல்றவரு ஒருநாளும் ஏற மாட்டாரு, அது வேற கதை.

இது தப்புன்னு எனக்குச் சொன்னவரு போர்மேன் வைத்திலிங்கம். அவரைப் பத்தி கொஞ்சம் விவரமாச் சொல்லணும்.

வைத்திலிங்கம் அண்ணன் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்ல. என்ஜின் ஓடிக்கிட்டு இருக்கிற எடத்துல வந்து நின்னு, வீட்டுல பேசுற குரல்லதான் பேசுவாரு. ஒன்னும் கேக்காது. என்னண்ணேன்னு கத்துவோம். அதே குரல்ல திருப்பிச் சொல்லுவாரு. கடைசியில நம்மளே என்ஜினை ஆஃப் பண்ணிட்டு எறங்கி அவர் பக்கத்துல போயி நிப்போம். அது அவரோட குணமா தந்திரமான்னு நாங்க பல வருசம் வாதாடியிருக்கோம். எல்லாரையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாரு. மேனேஜரையும் அப்படித்தான், சேத்துல மம்பட்டியோட நிக்கிற கூலியாளையும் அப்படித்தான். முழங்காலுக்கு மேல ஒரு பொட்டுச் சேறு பட்டு நான் பாத்ததில்ல. ஆனா முழங்கால் வரைக்கும் எப்பவும் சேறு இருக்கும்.

இழுக்கப் போற எடத்துக்குப் போனதும் அவரு முதல்ல கேக்குறது டீ. ஊரே வரப்புல நின்னு பாக்கும், வண்டிக்காரன் தலையில கைய வச்சுக்கிட்டு நிப்பான், இவரு சாவகாசமா டீ சொல்லுவாரு. எங்களுக்கும் குடுத்து, வண்டிக்காரனுக்கும் குடுத்து, எல்லாரும் குடிச்சு முடிச்சாத்தான் கயிறை எடுக்க விடுவாரு. "புதைஞ்சது எங்கயும் ஓடிப் போயிடாது. பதறாத காரியம் சிதறாது"ம்பாரு. எனக்கு ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். இந்த ஆளு டீ குடிக்கிறதுக்குன்னே வேலைக்கு வந்திருக்காருன்னு முதுகுக்குப் பின்னால பேசியிருக்கேன்.

நான் சீட்டுல உக்காந்த முதல் வருசம். நெல்லு ஏத்தின டிப்பர் ஒன்னு வடிகால் ஓரம் எறங்கிடுச்சு. வைத்திலிங்கம் அண்ணன் வர நேரமாச்சு. நான் சின்ன வயசு, நாலு பேர் பாக்குறாங்க. சங்கிலியைத் தொளதொளன்னு விட்டுட்டு, டிராக்டரைக் கொஞ்சம் பின்னால எடுத்து, ஒரே பாய்ச்சலா முன்னால விட்டேன். வெட்டி இழுக்குறதுன்னு சொல்லுவோம். ரெண்டு வெட்டுல வரல. மூணாவது வெட்டுல டிப்பர் பக்கத்துக் கொக்கி பிச்சுக்கிச்சு. அது போனதை யாரும் கண்ணால பாக்கல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா, என் டிராக்டருக்குப் பக்கத்துல இருந்த புங்க மரத்துல கொக்கி பாதி உள்ள எறங்கி நிக்குது.

அப்பத்தான் வைத்திலிங்கம் அண்ணன் சைக்கிள்ல வந்து எறங்கினாரு. பாத்தாரு. திட்டுவாருன்னு நிக்கிறேன். "டீ சொல்லுங்க"ன்னாரு. குடிச்சோம். அப்பறம் என்னை அந்த மரத்துக்கிட்ட கூட்டிட்டுப் போயி, மரத்துல முதுகை ஒட்டி நிக்கச் சொன்னாரு. நின்னேன். கொக்கி இருந்தது சரியா என் நெஞ்சுக்கு. "அவ்வளவுதான் தம்பி. போயி உளி வாங்கிட்டு வந்து அதை எடுங்க"ன்னாரு. மரத்துலேருந்து அந்தக் கொக்கியை எடுக்க எனக்கு முக்கால் நாள் ஆச்சு.

அதுக்கப்பறம் அவர் வழிதான் என் வழி. டீ முடிஞ்சதும் ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக்கிட்டு புதைஞ்ச வண்டியைச் சுத்தி வருவோம். நாலு அடிக்கு ஒரு எடம் குத்திப் பாத்தா கெட்டித் தரை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு கைக்குத் தெரியும். வண்டி எந்தப் பக்கமா உள்ள வந்துச்சோ அந்தப் பக்கமாத்தான் வெளியில போகணும், ஏன்னா அந்தத் தரைதான் ஏற்கனவே அதைத் தாங்கின தரை. வண்டியில பாரம் இருந்தா எறக்கணும். அப்பறம் மம்பட்டி வேலை. சக்கரத்துக்குப் பின்னால சரிவா வெட்டணும், அடிவயிறு சேத்துல உக்காந்திருந்தா அதுக்குக் கீழயும் வெட்டணும். சேறு வண்டியைக் கவ்விப் புடிச்சிருக்கும். மூங்கிலை விட்டுக் குடைஞ்சு காத்து உள்ள போனாத்தான் புடி விடும். நம்ம கெட்டிக்காரத்தனமெல்லாம் மம்பட்டியில இருக்கு, டிராக்டர்ல இல்லம்பாரு.

இழுக்குற டிராக்டரு கெட்டித் தரையில நிக்கணும். கம்பி வடத்தை டிராக்டர்ல எவ்வளவு தாழ மாட்ட முடியுமோ அவ்வளவு தாழ மாட்டணும். மேல, கலப்பையோட தலைப்பக்கத்தைப் புடிக்கிற டாப் லிங்க்ல மாட்டினா வண்டி கண்டிப்பாத் தூக்கும். மாட்டின எடத்தை டிரைவரே கீழ படுத்துக் கையால தொட்டுப் பாக்கணும், அடுத்தவன் சொன்னான்னு நம்பக் கூடாது. வடத்து மேல ஈரச் சாக்கைப் போட்டு வைக்கணும், அறுந்தாலும் கொஞ்சம் வேகம் குறையும். வடம் எவ்வளவு நீளமோ அதுல ஒன்னரை மடங்கு தூரத்துக்கு ஒரு ஆளும் நிக்கக் கூடாது. ஒரே ஆள்தான் சைகை காட்டணும், மத்தவன் வாயே தொறக்கக் கூடாது. தொளதொளப்பு போற வரைக்கும் ஊர்ந்து போயி, விறைப்பானதும் ஒரே சீரா இழுக்கணும். சக்கரம் சும்மா சுத்துச்சுன்னா உடனே நிறுத்திட்டு மறுபடி மம்பட்டியை எடுக்கணும்.

பம்பர்ல ஆளு ஏத்துறதைப் பத்தி அவர்கிட்டத்தான் கேட்டேன். நானே ஏறி நின்னிருக்கேன்ண்ணே, ஒன்னும் ஆகலயேன்னேன். "முன் சக்கரம் தூக்குதுன்னா வண்டி உங்ககிட்ட ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம். என்னால முடியல, இன்னும் கொஞ்சம் வெட்டுங்கன்னு சொல்லுது. நீங்க நாலு மனுசனை ஏத்தி அது வாயைப் பொத்துறீங்க. அப்பறம் அது சொல்றது கேக்காது, வடம் அறுற சத்தந்தான் கேக்கும். அறுந்தா வண்டி முன்னால பாயும். முன்னால நிக்கிறவன் எங்க விழுவான்? அந்த முன் சக்கரத்துக்குக் கீழதான்." இதைச் சொல்லிட்டு டீ கிளாஸைக் கழுவி வச்சாரு. அவரு ரிட்டயர் ஆகிற வரைக்கும் எங்க டிப்போ டிராக்டரு பம்பர்ல ஒரு ஆளு ஏறினதில்ல.

இப்ப சாவிக்கு வர்றேன்.

வைத்திலிங்கம் அண்ணன் ரிட்டயர் ஆகிப் போயி சில வருசம் கழிச்சு, ஒரு தை மாசம். சீர்காழிக்குக் கிழக்கே ஒரு ஊர்லேருந்து டிப்போவுக்குப் போன். ராஜகோபால்னு ஒரு மிராசு, அவரோட சம்பா வயல்ல அறுவடை மிஷின் புதைஞ்சு போச்சு. டயர் வண்டி இல்ல, செயின்ல ஓடுற பெரிய மிஷின். ஆத்தூர்ப் பக்கத்துலேருந்து டிரைவரோட வந்தது. அந்த வயல் மூலையில முன்னாடி ஒரு குட்டை இருந்திருக்கு. தூத்து வயலாக்கினது ஊர்க்காரங்களுக்குத் தெரியும், ஆத்தூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? நேரா அதுக்குள்ள எறக்கிட்டான்.

நான் போயி எறங்கினப்ப மதியம். கதிரெல்லாம் சாஞ்சு தரையோட கிடக்கு. கிழக்கே வானம் கருத்துக்கிட்டு வருது. ராஜகோபால் அய்யா வரப்புல நடந்துக்கிட்டே இருந்தாரு. நான் வழக்கம்போல டீ கிடைக்குமான்னு கேட்டேன்.

"டீ குடிக்க வந்தியா, வண்டி இழுக்க வந்தியா?"

"டீ குடிச்சிட்டு வண்டி இழுக்க வந்தேங்க."

பக்கத்துல நின்ன கூலியாளுங்க சிரிச்சுட்டாங்க. அவருக்கு அது புடிக்கல. அந்த மனுசனை நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவ்வளவு கதிரும் தரையில கிடக்கு, மேல ஒரு மழை விழுந்தா நெல்லு அப்படியே முளைச்சுடும். அஞ்சு மாசப் பாடு. அவர் எடத்துல நான் இருந்தாலும் பதறத்தான் செய்வேன். அதனாலதான் பதறாத ஒருத்தன் அங்க வேணும்.

மிஷின் தொட்டியில பாதிக்கு நெல்லு இருந்துச்சு. எறக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே எறக்கினாங்க. வெட்டுறதுக்கு நாலு பேரைக் குடுத்தாரு. அதுல ஒருத்தர் கலியமூர்த்தி. நல்ல உயரம், அதுக்கேத்த பருமன். மம்பட்டியை அவர் போட்டா மத்தவங்க ரெண்டு தடவை போட்ட மண்ணு வரும். அந்த ஊர்ல எந்த வண்டி புதைஞ்சாலும் பம்பருக்குக் கலியமூர்த்தியைக் கூப்பிடுன்னுதான் சொல்லுவாங்களாம். வெட்டிக்கிட்டே அவரே சொன்னாரு. சொல்லும்போது முகத்துல ஒரு பெருமை. "நம்ம ஏறி நின்னா வண்டி நகராம போனதில்லைங்க"ன்னாரு. வெட்டுங்கன்னேன்.

மேனேஜர் சுந்தரேசன் சார் பைக்குல வந்துட்டாரு. ராஜகோபால் அய்யா போன் போட்டு வரவழைச்சிருக்காரு. நல்ல மனுசன், ஆனா பயந்த மனுசன். யாரு சத்தமாப் பேசுறாங்களோ அவங்க பக்கம் சாஞ்சுடுவாரு.

நான் டிராக்டரை வாய்க்கால் ஓரத்து வண்டிப் பாதையில நிறுத்தி, வடத்தைக் கீழ மாட்டி, படுத்துத் தொட்டுப் பாத்துட்டு, ஆளுங்களை ஒதுக்கிட்டு இழுத்தேன். மிஷின் லேசா அசைஞ்சுச்சு. அதோட என் முன் சக்கரம் ஒரு சாண் தூக்குச்சு. கிளட்சை அழுத்தி நிறுத்திட்டேன். எறங்கிப் போயி குச்சியை விட்டுப் பாத்தா எடது பக்கம் செயினுக்குக் கீழ இன்னும் கவ்விக்கிட்டு இருக்கு. "இன்னும் ஒரு மணி நேரம் வெட்டினா வந்துடும்"னேன்.

"ஒரு மணி நேரமா? வானத்தைப் பாத்தியா?" ராஜகோபால் அய்யா கூலியாளுங்க பக்கம் திரும்பினாரு. "டேய், ஏறுங்கடா. கலியமூர்த்தி, நீ நடுவுல."

நான் சீட்டுல ஏறித் திரும்பறதுக்குள்ள நாலு பேரும் பம்பர்ல நிக்கிறாங்க. கலியமூர்த்தி தலையில துண்டைக் கட்டிக்கிட்டு நடுவுல. வரப்புலேருந்து ஒருத்தன், இவரு ஒருத்தரு போதும், மிச்ச மூணும் அழகுக்குத்தான்னு கத்தினான். எல்லாரும் சிரிக்கிறாங்க.

"அண்ணே, எல்லாரும் எறங்குங்க"ன்னேன். யாரும் அசையல. என்னைப் பாத்தாங்க, அய்யாவைப் பாத்தாங்க. சுந்தரேசன் சார் என் பக்கத்துல வந்தாரு.

"பக்கிரிசாமி, அவங்களாத்தானே ஏறியிருக்காங்க. உங்களை யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. இழுங்க."

"எறக்கி விடுங்க சார், இழுக்குறேன்."

"ஒரே ஒரு தடவைதானே கேக்குறாங்க."

"வடமும் ஒரே ஒரு தடவைதான் சார் அறும்."

"இது என் ஆர்டர்"னாரு. அவரு யாருக்குப் பயந்து அதைச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் என்ஜினை ஆஃப் பண்ணினேன். அவ்வளவு நேரம் ஓடின சத்தம் நின்னதும் எல்லாரும் என்னைத்தான் பாத்தாங்க. சாவியை உருவிக்கிட்டுக் கீழ எறங்கினேன். சுந்தரேசன் சார் கையை நீட்டினாரு. நான் பக்கத்துல ஓடுற வாய்க்கால்ல அதைத் தூக்கி எறிஞ்சேன். "இந்த வண்டி இன்னிக்கு இழுக்காது. ஏறி நிக்கிறவங்க எறங்கலாம்"னு சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

பையில போட்டுக்கிட்டா போதாதான்னு பின்னாடி எல்லாரும் கேட்டாங்க. என் வீட்டுக்காரியும் கேட்டா. வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியேன்னு தலையில அடிச்சுக்கிட்டா. போதாது. கையில இருந்தா குடுன்னு கேப்பாங்க. இன்னும் ரெண்டு தடவை அதட்டிக் கேட்டா நான் குடுத்திருப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். மூணு தலைமுறையா சரிங்க அய்யான்னு சொல்லிப் பழகின வீட்டுலேருந்து வந்தவன் நான். அந்த வார்த்தை என் வாயில தயாரா நிக்குது. அது வெளியில வர்றதுக்கு முன்னால சாவி போகணும், அதான் எறிஞ்சேன்.

அப்பறம் நடந்ததையும் மறைக்காமச் சொல்றேன். இதைச் சொல்லாமவே என்னைப் பெரிய ஆளாக்கிக்கலாம், எனக்கு அது வேண்டாம். ராஜகோபால் அய்யா பக்கத்து ஊர்லேருந்து தன் பங்காளி டிராக்டரை வரவழைச்சாரு. என் வண்டியை நூட்ரல்ல போட்டுத் தள்ளி ஓரங்கட்டினாங்க. அந்த டிரைவர் வடத்தை டாப் லிங்க்ல மாட்டினான். நான் தூரத்துலேருந்து கத்தினேன், கீழ மாட்டுய்யா, ஆளை எறக்குய்யான்னு. யாரும் திரும்பிக்கூடப் பாக்கல. பம்பர்ல மறுபடி ஆளுங்க ஏறினாங்க. ரெண்டு வெட்டு வெட்டினான். ரெண்டாவது வெட்டுல முன் சக்கரம் இடுப்பு உயரம் தூக்குச்சு. ஒருத்தனோட செருப்பு கழண்டு விழுந்துச்சு. மிஷின் சேத்தை விட்டு வழுக்கிக்கிட்டு வெளியில வந்துடுச்சு.

ஒன்னும் ஆகல. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்ல. கைதட்டினாங்க. மறுநாள் மழை வர்றதுக்குள்ள அறுப்பும் முடிஞ்சுதாம்.

அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சுன்னும் சொல்லிடுறேன். அந்த வடம் அறக் கூடாதான்னு ஒரு கணம் நினைச்சேன். மூணு மனுசன் உசுரு முன்னால நிக்கும்போது, என் பேச்சு ஜெயிக்கணும்னு அப்படி நினைச்சேன். என் வேலைக்காலத்துல நான் வெக்கப்படுறது அந்த ஒரு நினைப்புக்கு மட்டுந்தான். சாவிக்கு இல்ல.

விசாரணை வச்சாங்க. வருத்தம் தெரிவிச்சு எழுதிக் குடுத்துட்டா விஷயத்தை முடிச்சுடலாம்னு சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். "சாவியைத் தொலைத்ததற்கு வருந்துகிறேன். வண்டியை நிறுத்தியதற்கு வருந்தவில்லை." அதுக்கு மேல ஒரு வரி சேத்து எழுதச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். எனக்கு வரவேண்டிய போர்மேன் வேலை எனக்குப் பின்னால சேந்தவருக்குப் போச்சு. என்னைக் கோடியக்கரைப் பக்கம் மாத்தினாங்க. உப்பளத்துல எறங்கிடுற லாரிகளை இழுக்குற வேலை. அந்தச் சேறு வேற, உப்புத்தண்ணியில கால் வெடிச்சு நடக்க முடியாது. அங்கயும் டீ குடிச்சுட்டுத்தான் இழுத்தேன். அங்கயும் பம்பர்ல ஒரு ஆளு ஏறல.

டிப்போவுல என்னைச் சாவிசாமின்னே கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு ஒருத்தன் முகத்துக்கு நேராவே சொன்னான். "ஒன்னும் ஆகலயே பக்கிரி, அதுக்குப் போயி வேலையைக் கெடுத்துக்கிட்டியே"ன்னு கேக்காத ஆளு இல்ல. அவங்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். கண்ணை மூடிக்கிட்டு ரோட்டைத் தாண்டினவன் அந்தப் பக்கம் உசுரோட போயிச் சேந்தான்ங்கிறதுக்காக, ரெண்டு பக்கமும் பாத்துத் தாண்டுறவன் முட்டாளா? ஒன்னும் ஆகாததுக்கு அந்த வடந்தான் காரணம். நான் தினம் துடைச்சு, எண்ணெய் போட்டு, பிரிஞ்ச இழையைத் தடவிப் பாத்து வச்சிருந்த வடம் அது. மிஷின்ல நான் மாட்டியிருந்த என் வடத்தைக் கழட்டாம, அதோட மறுமுனையை அந்த வண்டியில மாட்டித்தான் இழுத்தாங்க. அதை யாரும் பேசல.

நாலஞ்சு வருசம் போச்சு. ஒரு நாள் காலையில சீர்காழி பஸ் ஸ்டாண்டுல டீக்கடையில நிக்கிறேன். பக்கத்துல ஒருத்தர் வந்து நின்னாரு. கடையே கொஞ்சம் இருட்டின மாதிரி இருந்துச்சு, அவ்வளவு பெரிய ஆளு. பாத்தா கலியமூர்த்தி. நெல்லு கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறேன்னாரு. ராஜகோபால் அய்யா பண்ணை வேலை என்னாச்சுன்னு கேட்டேன்.

"அவங்க கூப்பிடுறதில்லைங்க."

"ஏன்?"

"நான் ஏறலைல்லங்க, அதான்."

எனக்குப் புரியல. அவரு சொன்னப்பறந்தான் அந்த மதியம் திரும்பக் கண்ணு முன்னால வந்துச்சு. என் வண்டி பம்பர்ல நாலு பேர் ஏறினாங்க. பங்காளி வண்டியில மூணு பேர்தான் ஏறினாங்க. மூணுங்கிறதை நான் பாத்தேன், ஆனா எனக்கிருந்த கோவத்துல யாரு குறைஞ்சாங்கன்னு பாக்கல. நடுவுல நிக்க வேண்டிய கலியமூர்த்தி வரப்புலயே நின்னுட்டாரு. அப்பறம் விசாரணைக்கு, நாங்களாத்தான் ஏறினோம்னு எழுதி நாலு பேர்கிட்டயும் கையெழுத்துக் கேட்டிருக்காங்க. மத்த மூணு பேரும் போட்டுக் குடுத்திருக்காங்க. இவரு போடல. இது எதுவுமே எனக்குத் தெரியாது.

"ஏங்க ஏறல?"ன்னு கேட்டேன்.

அவரு டீயை ஆத்திக்கிட்டே சொன்னாரு. "நீங்க சாவியை எறிஞ்சப்ப எனக்கு உங்க மேல கோவந்தாங்க வந்துச்சு. ஊரு பாக்க எறக்கி விட்டுட்டாரேன்னு. அந்த இன்னொரு வண்டி வந்ததும், கலியமூர்த்தி ஏறுடான்னாங்க. நானும் காலைத் தூக்கி பம்பர்ல வச்சேன். வச்சப்பறந்தான் நினைச்சேன். பதினஞ்சு வயசுலேருந்து என்னை ஏறச் சொன்னவங்களைத்தாங்க பாத்திருக்கேன். எறங்கச் சொன்ன ஆளு அன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் இல்ல. காலை எடுத்துக் கீழ வச்சுட்டேன்."

நான் அங்கயே அழுதுட்டேன். டீக்கடைக்காரரு என்னமோ ஏதோன்னு தண்ணி குடுத்தாரு. கலியமூர்த்தி பயந்துபோயி என் தோளைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு.

டிப்போ தம்பிக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இதுதான். வகுப்புக்கு வர்றேன். கொக்கி, வடம், மூங்கில் குச்சி எல்லாம் சொல்றேன். சாவியையும் சொல்லுவேன், அதைத்தான் முதல்ல சொல்லுவேன். வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வரச் சொன்னீங்கன்னா பேச்சுக்கு முன்னாடி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுங்க. என்கூட சீர்காழியிலேருந்து இன்னொருத்தரும் வருவாரு. முன்வரிசையில அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அவரு கனமான ஆளு.